ஆளுக்கு ஒரு குழு

செந்தளிர் குடியிருப்பில் சண்டை நின்றுபோய் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. தானாக நிற்கவில்லை. ஒரு செயலியை வைத்து நிறுத்தினார்கள்.

அதற்கு முன்னால் அந்தக் குடியிருப்பின் இணையக் குழுவில் நடந்ததையெல்லாம் யாராவது எழுதி வைத்திருந்தால் ஒரு பாரதம் தேறியிருக்கும். மேல்வீட்டுக் கொடியில் காயும் துணி கீழ்வீட்டு ஜன்னலில் சொட்டுகிறது என்று ஒருவர் ஆரம்பிப்பார். அது நாயில் போய், நாயிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய், கடைசியில் யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டு அழைப்புமணியை அமுக்கிவிட்டு ஓடியது என்பதில் வந்து நிற்கும். நடுவில் ஒருவர் சம்பந்தமே இல்லாமல் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போடுவார். அவரையும் திட்டுவார்கள்.

சண்டைக்காரர்களில் முதல் இடம் நாச்சிமுத்துவுக்கு. பஞ்சாலையில் மின்பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு தரைத்தளத்தில் தனியாக இருந்தார். சிறுவாணித் தண்ணீரில் யாராவது கார் கழுவினால் அவருக்குத் தாங்காது. கோயம்புத்தூர்க்காரனுக்குச் சிறுவாணி என்றால் என்னவென்று தெரியாத ஜென்மங்கள் என்று தொடங்கி அரைப்பக்கம் எழுதுவார். "செயலாளர் தூங்குகிறாரா?" என்று முடிப்பார்.

செயலாளர் கோகிலவாணி. மூன்றாவது மாடி. பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவுத் தலைவி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "தூங்கினால்தானே, உங்கள் மெசேஜ் விடுகிறதா?" என்று உடனே பதில் போடுவாள். இருவரும் வார்த்தைக்கு வார்த்தை மோதுவதைப் பார்க்கவே பலர் குழுவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள்.

ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு ஆண்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் இரண்டாவது மாடி தினகரன், வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவன், 'இணக்கம்' என்ற செயலியைக் கொண்டுவந்தான்.

இணக்கம் முதலில் செய்தது சின்ன வேலை. எழுதுகிறவர் கோபத்தில் எதை எழுதினாலும் படிப்பவருக்கு அதை மென்மையாக்கிக் கொடுத்தது. நாச்சிமுத்து, "அறிவு இருக்குதா? குடிக்கிற தண்ணில காரக் கழுவறீங்க" என்று எழுதுவார். மற்றவர்கள் திரையில், "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் நல்லது, நன்றி" என்று கூப்பிய கைகளோடு வரும். சில மாதம் கழித்து அதற்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. நிபந்தனைகள் நீளமாக இருந்தன. ஆட்சேபம் இருப்பவர்கள் தெரிவிக்கவும் என்று கோகிலவாணி குழுவில் போட்டாள். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. முதல் கட்டைவிரல் அவளுடையதுதான்.

அதன்பிறகு குழு கோயில் பிரகாரம் மாதிரி அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் கோகிலவாணி காலையில் எழுந்ததும் அடுப்பில் பால் வைத்தவள் ஓடுவதுபோலப் போனைப் பார்க்க ஓடுவாள். இப்போது வாரம் ஒருமுறை திறந்தால் பெரிது. ரத்த அழுத்த மாத்திரையைக் கூட டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். நிம்மதியாக இருந்தாள், அதை மறைப்பானேன்.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது, அவளுடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். சரி, ஏதோ புகார், என்று அவள் தோளை நிமிர்த்திக்கொண்டாள்.

"அம்மணி, இந்தாங்க முருங்கக்கா. என்ற தங்கச்சி தோட்டத்துல காச்சதுங்க" என்றார் அவர். "நீங்க சொன்னாப்பல அரிசிம்பருப்புச் சோத்துல சீரகத்தக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுப் பாத்தனுங்க. நெம்ப நல்லா இருந்துச்சு."

கோகிலவாணி விழித்தாள். அவர் அவளை 'செயலாளர் மேடம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டுத்தான் பழக்கம். அம்மணி எங்கிருந்து வந்தது? சீரகம் எங்கிருந்து வந்தது?

"அப்பறம், வெள்ளிக்கெழம எட்டு மணிக்குக் கெளம்பீரலாங்களா? ஒம்பதுக்கு அங்க இருக்கோணும்னு சொல்லியிருக்கறாங்க."

"எங்கீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தானுங்க. வயித்துல கட்டின்னு சொன்னனில்லீங்க. எடுத்துப் பாத்தாத்தான் நல்லதா கெட்டதான்னு தெரியுமாமா. கூட ஒரு ஆள் இல்லாம உள்ள சேத்த மாட்டாங்களாம். நீங்க வர்றன்னு சொன்னதுனால என்ற மககிட்டக்கூட நான் சொல்லலீங்க. அவ நாகபுரில இருக்கறா, முழுகாம இருக்கறா. எதுக்கு வெசனப்பட வெக்கறது?"

அவள் தலையை ஆட்டிவிட்டு, முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, நேராகத் தினகரன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தினகரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டான். அவன் ஆச்சரியப்படாததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"புதுப் பதிப்பு அப்படித்தான்க்கா. நாம எல்லாரும் ஒரே குழுவுல இருக்கோம்னு நெனச்சிட்டிருக்கோம். உள்ள போய்ப் பாத்தா ஆளுக்கு ஒரு குழு. நீங்க பாக்கறது வேற, நாச்சிமுத்து சார் பாக்கறது வேற."

"புரியற மாதிரி சொல்லு."

"அவர் உங்களுக்கு எழுதறார். நீங்க பதில் போடல. பதில் வராட்டி அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தா சண்டை வரும். சண்டை வராமப் பாத்துக்கறதுதான் இதோட வேலை. அதனால நீங்க எழுதினா எப்படி இருக்குமோ அப்படி ஒரு பதிலை அதுவே அவருக்குக் காட்டும். உங்க போன்ல அதுவும் வராது, அவர் எழுதின வருத்தமான சேதியும் வராது."

"நான் எழுதாததை நான் எழுதினதாவா? நான் எப்ப சம்மதிச்சேன்?"

"கட்டைவிரல் போட்டோமேக்கா" என்றான் அவன். "நானும்தான் படிக்கல."

செயலாளர் என்ற முறையில் அவளுக்குக் குழுவின் உள்பக்கத்தைப் பார்க்க அனுமதி இருந்தது. இதுவரை பார்த்ததில்லை. தினகரன் திறந்து காட்டினான். நாச்சிமுத்துவின் குழுவில் கோகிலவாணி என்ற பெயரில் ஒருத்தி மாதக்கணக்காகப் பேசியிருந்தாள். அவரை அண்ணா என்று கூப்பிட்டாள். சாப்பிட்டாரா என்று கேட்டாள். அவர் மனைவியின் நினைவு நாளில் அந்த அம்மாவைப் பற்றி விசாரித்தாள். அவர் பஞ்சாலைக் கதைகளை ஒன்றுவிடாமல் கேட்டுச் சிரித்தாள். இவ்வளவு நல்லவளாகக் கோகிலவாணி ஒருநாளும் இருந்ததில்லை. படிக்கப் படிக்க அவளுக்கு வெட்கமாகவும், அந்த இன்னொருத்திமேல் பொறாமையாகவும்கூட இருந்தது.

கட்டியைப் பற்றி அவர் எழுதியிருந்த இடமும் வந்தது. அதற்குக் கீழே, "பயப்படாதீங்கண்ணா, நாங்க இருக்கோம்" என்று இருந்தது.

"இதை எங்கிருந்து புடிச்சுது?" என்றாள்.

"நம்மகிட்டருந்துதான். காய்ச்சல்னாலும் சாவுன்னாலும் நம்ம குழுவுல எல்லாரும் போடறது அதைத்தானே. அதைப் பாத்துக் கத்துக்கிச்சு."

நான்காவது மாடிக்காரர் நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் கிடந்தபோது கோகிலவாணியும் அதையே போட்டிருந்தாள். போய்ப் பார்க்கத்தான் நேரம் அமையவில்லை. அவர் வீட்டிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்படிப் போடுவது ஒரு வழக்கம், அவ்வளவுதான். நாச்சிமுத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை நீங்கள் வர முடியுமா என்று நேராகவே கேட்டிருந்தார். கண்டிப்பாக வருகிறேன் என்று பதில் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை எனக்குத் தணிக்கை இருக்கு தினகரா. வெளியூர்ல இருந்து ஆள் வர்றாங்க. நான் இல்லாட்டி என் தலை உருளும்."

"அப்ப முடியாதுன்னு எழுதிப் போடுங்கக்கா. நீங்களே எழுதினா வார்த்தையத்தான் மென்மையாக்கும், விஷயம் போயிரும்."

அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. நேரில் போய்ச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். மத்தியானம் அலுவலகத்தில் உட்கார்ந்து நன்றாக யோசித்து எழுதினாள். 'நாச்சிமுத்து சார், மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்னால் வர முடியாது. தயவுசெய்து உங்கள் தங்கையையோ வேறு உறவினரையோ அழைத்துக்கொள்ளுங்கள்.' அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பதில் உடனே வந்தது. 'பரவாயில்லீங்க அம்மணி. தங்கச்சி மகன் வர்றானுங்க. நீங்க வெசனப்படாதீங்க.'

அப்பாடா என்று இருந்தது. இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டதே என்று மனுஷர்மேல் ஒரு மரியாதைகூட வந்தது. சாயங்காலம் முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அழைப்புமணி அடித்தது. திறந்தால் நாச்சிமுத்து. தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ஸ்கேன் படங்கள் துருத்திக்கொண்டிருந்த மஞ்சப்பை.

"கெளம்பலாங்களா அம்மணி?"

"உங்க தங்கச்சி மகன் வர்றதா எழுதியிருந்தீங்களே?"

"நானுங்களா? இல்லீங்களே."

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். அவர் தன்னுடையதை நீட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவளுடையதில் அவள் முடியாது என்று எழுதியதும், அவர் பரவாயில்லை என்று சொன்னதும் இருந்தன. அவருடையதில் அதே நாள், அதே மத்தியானம், 'வெள்ளிக்கிழமை மறக்காம வர்றேங்ணா, தைரியமா இருங்க' என்று இருந்தது. அதற்கு அவர் நன்றி சொல்லியிருந்தார். முடியாது என்ற சொல் அவருக்கு வருத்தம் தரும் என்பதால் இணக்கம் அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லை. அவளுக்கும் வருத்தம் வேண்டாம் என்று ஒரு தங்கை மகனை உண்டாக்கிக் கொடுத்திருந்தது.

இப்போது நடுவில் செயலி இல்லை. முடியாது என்று வாய்விட்டுச் சொன்னால் அது அப்படியே அவர் காதில் விழும். சொல்லத்தான் நினைத்தாள். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று துளை மாறிப் போட்டிருந்தது. மேலும் கீழும் கோணிக்கொண்டு நின்றது.

"ஒரு நிமிஷம் இருங்க. செருப்பப் போட்டுட்டு வர்றேன்" என்றாள்.

ஆட்டோவில் போகும்போது அலுவலகத்துக்குப் பேசினாள். மேலாளர் கத்தினார். திங்கட்கிழமை வந்து என்னைப் பாருங்கள், அல்லது வரவே வேண்டாம், என்றார். ஒரு மனிதர் தன்மேல் இப்படி மென்மையாக்காமல் கோபப்பட்டு எத்தனை காலம் ஆகிறது என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது. நாச்சிமுத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் அவருக்குப் பச்சை அங்கி மாட்டி ஒரு கட்டிலில் உட்கார வைத்தார்கள். கூப்பிடும்வரை இருக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு போனையும் கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லோணுங்க அம்மணி. கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க."

"போன்ல பேசறது நீங்க இல்லைன்னு எனக்கு நெம்ப நாளாவே தெரியுமுங்க."

"எப்படீங்க?" என்றாள் கோகிலவாணி.

"மேல்தொட்டியக் கழுவி ரண்டு வருசம் ஆச்சு, செயலாளருக்கு வெக்கமில்லையான்னு ஒருநாள் வேணும்னே பொய்யா எழுதிப் போட்டனுங்க. அதுக்கு மொத வாரந்தான் கழுவுனீங்க, நானே பாத்தேன். நெசமா நீங்களா இருந்தாக் கல்லாட்டம் சும்மா இருப்பீங்களா? மூணு மாடி எறங்கி வந்து சண்டைக்கு நின்னிருப்பீங்க. 'சரியாச் சொன்னீங்கண்ணா, நன்றி'ன்னு வந்துச்சு. ஆகா, இது அந்த அம்மணி இல்லைன்னு அப்பவே புரிஞ்சு போச்சு."

"அப்பறம் எதுக்குங்க மாசக்கணக்கா அதுகிட்டப் பேசிட்டிருந்தீங்க?"

"வேற ஆருகிட்டப் பேசறதுங்க?"

அப்போதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது.

"அப்ப புதன்கிழமை? அந்தச் சீரகம், முருங்கக்கா, அம்மணி, எல்லாம் நடிப்பா?"

"முருங்கக்கா நெசமுங்க."

"நான் வர்றேன்னு சொல்லலைன்னு தெரிஞ்சே எங்கிட்ட வந்து கேட்டீங்களா? இன்னிக்குக் காலைல என் வாசல்ல வந்து நின்னதும் அப்படித்தானா?"

"முடியாதுன்னு நீங்க எழுதியிருப்பீங்க, அது வந்து சேந்திருக்காதுன்னு ஒரு நெனப்பு இருந்துச்சுங்க. அதனாலதான் நேரா வந்து நின்னேன்."

"கூட வாங்கன்னு நேரடியாக் கேட்டிருக்கலாமே!"

"வருசக்கணக்கா உங்களத் திட்டிப்போட்டு, இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறதுங்க? கூட வாங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. வர்றன்னு சொன்னீங்களேன்னு கேக்கறது சுலுவா இருந்துச்சு."

அவளுக்கு வந்ததே கோபம். ஒரு வருடத்துக் கோபம் அது. "உங்களமாதிரி அழுத்தமான ஆளை நான் பாத்ததே இல்லை! என் வேலை போகப்போகுது, தெரியுமா? ஏமாத்தி இழுத்துட்டு வந்துட்டு, உக்காந்துட்டுச் சிரிப்பு வேறயா?" என்று கத்தினாள். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செவிலி ஒருத்தி வந்து, சத்தம் போடாதீங்க, பேஷண்ட் பயப்படுவாங்க, என்றாள்.

"எனக்குப் பயமெல்லாம் இல்லீங்க சிஸ்டர்" என்றார் நாச்சிமுத்து. "கத்தட்டும். நேத்துவரைக்கும்தான் பயமா இருந்துச்சு."

அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தலையைத் தூக்கி, "குழுவுல சொல்லிப்போடுங்க அம்மணி. ஆராவது நெசமா வர்றாங்களான்னு பாக்கலாம்" என்றார். கதவு மூடியது.

கோகிலவாணி வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் இறங்கிய இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சொன்னபடியே குழுவில் எழுதினாள். 'தரைத்தளம் நாச்சிமுத்து அண்ணாவுக்கு ஆபரேஷன். உள்ளே போயிருக்கிறார். கட்டி எப்படிப்பட்டது என்று இன்றைக்கே சொல்வார்களாம். நான் தனியாக இருக்கிறேன். பயமாக இருக்கிறது. முடிந்தவர்கள் வரவும்.'

மழைபோல வந்து கொட்டின கூப்பிய கைகள். நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம் என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் வந்தது. நான்காவது மாடி நெஞ்சுவலிக்காரர் கூட எழுதியிருந்தார். இவற்றில் எந்தக் கை உண்மையில் யாருடையது, தான் எழுதியது ஒருவருக்காவது எழுதியபடி போய்ச் சேர்ந்ததா, அதுவே தெரியவில்லை. அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஏறி வரவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. நாச்சிமுத்துவிடமிருந்து.

'எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க அம்மணி. சாதாரணக் கட்டிதானாம். பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. நீங்க நிம்மதியா வேலைக்குக் கெளம்புங்க.'

அவளுக்கு உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். மணியைப் பார்த்தாள். இப்போது கிளம்பினால்கூட மத்தியானத் தணிக்கைக்குப் போய்விடலாம். கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். உள்ளே ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது.

பையைத் திறந்தாள். அவருடைய கண்ணாடி, கைக்கடிகாரம், அவற்றின் அடியில் அவருடைய போன். திரை இருண்டு கிடந்தது. எதிரே அறுவை அரங்கின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். தன்னுடைய போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

கதவு திறந்தது. செவிலி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாச்சிமுத்து கூட வந்தவங்க யாருங்க?"

"நான்தாங்க."

"சொந்தமா?"

"இல்லீங்க. ஒரே குடியிருப்பு."

"சரி, உள்ள வாங்க. டாக்டர் உங்ககிட்டப் பேசணுமாம்."

கோகிலவாணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.